ஹோட் ரூட்டுக்கும் பேர்ன் மலைகளுக்கும் ஒரே ஸ்கீ: 65, 85, 97 மில்லிமீட்டரில் எது?

பேர்ன்வாசி எழுதியது:

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

பின்னோக்கி வழுக்காதபடி பலகையின் அடியில் தோல் எனப்படும் மயிர்ப்பட்டையை ஒட்டி மலையேறி, உச்சியில் அதை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சறுக்கி இறங்கும் பயணங்களுக்கு இதுவரை வாடகை ஸ்கீகளையே பயன்படுத்திவந்தேன். இந்த ஆண்டு சொந்தமாக ஒரு சோடி வாங்கிவிடலாம் என்று கடைகளிலும் இணையத்திலும் தேடத் தொடங்கியதில் குழப்பம்தான் கூடியிருக்கிறது. அனுபவமுள்ளவர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

என் உயரம் 172 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. லிஃப்ட் உள்ள சரிவுகளில் எந்த இடத்திலும் தயக்கமின்றி இறங்குவேன். ஆனால் மேலே ஓடு கட்டி உள்ளே பொலபொலவென்று கிடக்கும் பனியில் இன்னும் தடுமாற்றம் உண்டு. சனவரி, பெப்ரவரி மாதங்களில் கான்ட்ரிஷ், டீம்டிக்டால், சிம்மன்டால் பகுதிகளில் நாளொன்றுக்கு 1000 முதல் 1300 மீட்டர் வரை ஏறுவதும், மார்ச்சுக்குப் பிறகு வில்ட்ஹோர்ன், வில்ட்ஷ்ட்ரூபல் போன்ற, 3200 மீட்டரைத் தாண்டிய மலைகளுக்குப் போவதும் என் வழக்கம். சுவிஸ் அல்பைன் கிளப்பின் தர அளவில் சொன்னால், 35 பாகைக்கு மேற்பட்ட சரிவுகள் வரும் இசட்.எஸ். (ஓரளவு கடினம்) தரத்துப் பாதைகளை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். வருகிற ஏப்ரலில் ஒரு வழிகாட்டியின் குழுவோடு ஷமோனியிலிருந்து சேர்மாட் வரை, ஹோட் ரூட் என்னும் பல நாள் பனியாற்றுப் பாதையில் செல்லப் பெயர் கொடுத்துள்ளேன். சப்பாத்து ஏற்கெனவே இருக்கிறது. ஒன்று ஏறத்தாழ 1.2 கிலோ.

கண்ணில் பட்டவை மூன்று வகை. முதலாவது, பாதிவிலைக்குக் கிடைக்கும் ஒரு பந்தய ஸ்கீ: 160 சென்டிமீட்டர் நீளம், காலடியில் 65 மில்லிமீட்டர் அகலம், ஒன்று 750 கிராம் அளவில். இரண்டாவது, பிளிசார்ட் ஜீரோ ஜி 85, மூவ்மென்ட் ஆல்ப் ட்ராக்ஸ் 85, அட்டாமிக் பேக்லேண்ட் 85 போன்ற, ஒன்று 1.1 முதல் 1.3 கிலோ வரை வரும் நடுத்தர வகை. மூன்றாவது, நண்பர் ஒருவர் விடாமல் பரிந்துரைக்கும் பிளாக் க்ரோஸ் கேமாக்ஸ் ஃப்ரீபேர்ட். அது 97 மில்லிமீட்டர், மற்ற இரண்டு வகைகளையும்விடக் கனமானது. இரண்டு சோடி வாங்க என் பணப்பை இடம்கொடாது. ஒன்றே ஒன்று என்றால் நீங்கள் எதை எடுப்பீர்கள், ஏன்?


அரோலா எழுதியது:

வணக்கம் தம்பி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது வகை, 170 சென்டிமீட்டரை ஒட்டிய நீளத்தில். எடையைப் பற்றி நிலவும் ஒரு கருத்து கடைக்காரர்களுக்கு மிகவும் வசதியாக இருப்பதால், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் 15 பாகைச் சாய்வுள்ள தடத்தில் 1000 மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தடத்தின் நீளம் ஏறத்தாழ 3860 மீட்டர் வரும். அடிக்கு 60 சென்டிமீட்டர் என்றால் 6400 அடிகளுக்கு மேல். இந்த எண்ணைக் காட்டித்தான் எடை குறையக் குறைய விலையைக் கூட்டிக் கேட்கிறார்கள். ஆனால் சப்பாத்தின் முன்முனையை இரு ஊசிகளால் பலகையோடு பிணைக்கும் ஊசிமுனை பைண்டிங்கில் குதிகால் மட்டும் எழும்புகிறது, பலகை பனியை விட்டு எழும்புவதில்லை. ஒழுங்காக நடக்கத் தெரிந்தவர் அதை முன்னே வழுக்கித்தான் தள்ளுகிறார். ஒவ்வோர் அடியிலும் உண்மையாகவே தூக்கப்படுவது சப்பாத்தும் அதற்குள் இருக்கும் காலும்தான். பலகையின் எடை முழுதாகத் தெரிவது, செங்குத்தான இடத்தில் காலை உயர்த்தித் திசை திருப்பும்போதும் அதை முதுகில் சுமக்கும்போதும் மட்டுமே. எனவே சப்பாத்தில் குறையும் 100 கிராமும் பலகையில் குறையும் 100 கிராமும் ஒன்றல்ல. உங்கள் சப்பாத்து ஏற்கெனவே இலேசானது. பெரிய இலாபத்தை நீங்கள் முன்பே பெற்றுவிட்டீர்கள்.

எடையே பொருட்டல்ல என்று இதற்குப் பொருளில்லை. 1.6 கிலோ பலகையிலிருந்து 1.2 கிலோவுக்கு இறங்கினால் மூன்றாவது மணி நேரத்தில் தொடை அதை உணரும். ஆனால் 1.2 கிலோவுக்குக் கீழே போகப் போக, ஏறும்போது மிச்சமாவதை இறங்கும்போது திருப்பிக் கொடுக்க நேர்கிறது. இலேசான பலகைக்குப் பனியின் மேடுபள்ளத்தை அழுத்திக்கொண்டு போகும் உடல் கனம் இல்லை. ஓடு கட்டிய பனி அதன் முனையை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போய்விடும். பவுலோனியா மரமும் கார்பன் இழையும் கொண்டு விறைப்பாகச் செய்யப்பட்டவை, இறுகிய பனியில் அதிர்வை உள்வாங்காமல் நேரே முழங்காலுக்கு அனுப்புகின்றன. நீங்கள் தடுமாறுவதாகச் சொன்ன பனி அதுவேதான்.

அகலத்துக்கு வருகிறேன். ஹோட் ரூட்டில் ஏப்ரல் மாதம் என்றால் விடியுமுன் குடிலை விட்டுக் கிளம்ப வேண்டும். முதல் இரண்டு, மூன்று மணி நேரம் முழுவதும் இரவில் உறைந்த சரிவுதான். அங்கே குறுக்காக நடக்கும்போது உங்களைத் தாங்குவது பலகையின் மலைப்பக்க விளிம்பு ஒன்றே. காலின் நடுக்கோட்டிலிருந்து அந்த விளிம்பு 65 மில்லிமீட்டர் பலகையில் 32.5, 85இல் 42.5, 97இல் 48.5 மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது. தூரம் கூடக் கூட, பலகையைத் தட்டையாக்கிக் கீழே வழுக்கவைக்கும் முறுக்கு விசையும் கூடுகிறது. அதை எதிர்ப்பது உங்கள் கணுக்காலும் சப்பாத்தின் மேற்பகுதியும்தான். கனமான, உயரமான சப்பாத்து போட்டிருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. 1.2 கிலோ சப்பாத்தோடு 97 மில்லிமீட்டர் பலகையை உறைந்த சரிவில் பிடித்து நிறுத்துவது வேறு கதை. உங்கள் நண்பரின் காலில் என்ன சப்பாத்து இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

கடைசி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வினேட் குடிலிலிருந்து புறப்பட்டு எவெக், மோன் புரூலே, வல்பெலின் என்று மூன்று கணவாய்களைக் கடந்து சேர்மாட்டில் இறங்க வேண்டும். மோன் புரூலேயின் கடைசிச் செங்குத்தில் பெரும்பாலும் பலகையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தே ஏறுவார்கள். அங்கே இலேசான பலகைக்கு நன்றி சொல்வீர்கள். பிறகு வல்பெலினிலிருந்து மாட்டர்ஹோர்னின் வடமுகத்தை ஒட்டிய பனியாற்றில் நீண்ட இறக்கம். மேலே இறுகிய பனி, கீழே வெயிலில் இளகிச் சேறான பனி, இரண்டும் ஒரே இறக்கத்தில் வரும். பல நாள் களைப்போடு அங்கே வந்துசேரும் காலுக்கு எந்தப் பலகை கீழ்ப்படியும் என்பதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். கடையில் கையில் தூக்கிப் பார்க்கும்போது அது தெரியாது.

வாலும் முக்கியம். பின்முனை தட்டையாகவும் தோலின் கொக்கி மாட்ட ஒரு வெட்டோடும் இருக்க வேண்டும். மேல்நோக்கி வளைந்த வாலைப் பனியில் ஆழமாகக் குத்தி நிறுத்த முடியாது, கொக்கியும் நழுவும்.


சிவப்புத்தடம் எழுதியது:

அரோலா அண்ணா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பந்தயப் பலகையை அவர் பேச்சுக்குக்கூட எடுக்காமல் விட்டது நியாயமில்லை.

சேர்மாட்டிலிருந்து வெர்பியே வரை சுவிஸ் இராணுவம் நடத்தும் பத்ருய் தே கிளாசியே பந்தயத்தில் 57 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தையும் 4300 மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றத்தையும் ஒரே மூச்சில் கடக்கிறார்கள். முன்னணியில் வருபவர்களின் காலில் இருப்பவை இந்த 65 மில்லிமீட்டர் பலகைகள்தான். சர்வதேச விதிப்படி ஆண்களின் பலகை 160, பெண்களின் பலகை 150 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. காலடி அகலம் 60 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்சத்தை ஒட்டியே அவை செய்யப்படுகின்றன. காலையில் உறைந்த பனியில் அவற்றின் விளிம்புப் பிடிக்கு ஈடில்லை என்பதை மேலே உள்ள கணக்கே சொல்கிறது. வசந்த காலத்தில், மேற்பரப்பு இரண்டு விரல் ஆழம் மட்டும் இளகியிருக்கும் நேரத்தில், அவற்றில் இறங்குவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

சிக்கல் சனவரியில்தான். 160 சென்டிமீட்டர் நீளமும் 65 மில்லிமீட்டர் அகலமும் 68 கிலோ உடலையும் முதுகுப்பையையும் ஆழமான பொடிப் பனியில் மிதக்கவைக்காது. ஓடு கட்டிய பனியில் ஒவ்வொரு திருப்பத்தையும் குதித்தே போட வேண்டிவரும். இரண்டாவது சோடியாக வாங்குபவருக்குப் பாதிவிலை நல்ல விலை; ஒரே சோடியாக வாங்குபவருக்கு அது இலவசமாகக் கிடைத்தாலும் பொருந்தாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 85ஐவிடச் சற்றுக் கீழே, 78 முதல் 82 மில்லிமீட்டர், ஒரு கிலோவை ஒட்டிய பலகைகளையும் ஒருமுறை மிதித்துப் பார்ப்பேன். அண்ணாவுக்கு இது பிடிக்காது என்று தெரியும்.


துளைப்பட்டறை எழுதியது:

ஸ்கீ பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்பவன் என்ற முறையில் பைண்டிங் பற்றி எழுதுகிறேன். பலகைக்கு மாதக்கணக்கில் யோசிப்பவர்கள் பைண்டிங்கை ஐந்து நிமிடத்தில் முடிவுசெய்துவிடுகிறார்கள்.

1980களில் ஆஸ்திரியரான பிரிட்ஸ் பார்த்தெல் உருவாக்கிய ஊசிமுனை முறைதான் இன்றைய இலேசான பைண்டிங்குகள் அனைத்துக்கும் அடிப்படை. அதற்குள்ளேயே 100 கிராம் சொச்சத்திலிருந்து 400 கிராமுக்கு அருகில் வரை வேறுபாடு உண்டு. மிக இலேசான பந்தய வகையில் குதிகாலைப் பிடிப்பது மாற்ற முடியாத ஒரு யு வடிவக் கம்பி. விழும்போது எந்த விசையில் விடுவிக்க வேண்டும் என்பதை உங்கள் எடைக்கும் திறமைக்கும் ஏற்ப அமைக்க இயலாது. கழன்ற பலகையை நிறுத்தும் பிரேக்கும் இருக்காது. இன்னும் தடுமாற்றம் உண்டு என்று நீங்களே எழுதியிருப்பதால், பக்கவாட்டு விடுவிப்பையும் முன்னோக்கிய விடுவிப்பையும் தனித்தனியே அமைக்கக்கூடிய, 250 முதல் 350 கிராம் வரையிலான வகையைப் பாருங்கள். பனியாற்றில் பிரேக்கோ கட்டுக்கயிறோ இல்லாமல் போகாதீர்கள். கழன்ற பலகை பனிப்பிளவுக்குள் போய்விட்டால் மிச்ச வழியை இடுப்பளவு பனியில் நடந்துதான் கடக்க வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. உலோகத் தகடு இல்லாத இலேசான பலகைகளுக்கு வழக்கமாக 3.5 அல்லது 3.6 மில்லிமீட்டர் துளையும், உலோகத் தகடு உள்ளவற்றுக்கு 4.1 மில்லிமீட்டர் துளையும் போடுகிறோம். எந்த அளவு என்பது பெரும்பாலும் பலகையின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். மென்மரத்தில் 4.1 போட்டுவிட்டால் திருகாணி இறுகுவதுபோல இறுகி, கடைசி அரைச் சுற்றில் சட்டென்று கை இலேசாகிவிடும். மரத்தின் புரி அறுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அதனால்தான் கடைசிச் சுற்றுகளை மின்கருவியால் இறுக்காமல் கையால் இறுக்குகிறோம். துளைக்குள் பசை விடுவது திருகாணியைப் பிடிப்பதற்காக மட்டுமல்ல, நீர் உள்ளே இறங்கி மரம் ஊதாமல் இருப்பதற்காகவும்தான்.

சப்பாத்தின் குதிகாலுக்கும் பின்பக்கத் துண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதும் ரகத்துக்கு ரகம் மாறும். சிலவற்றுக்கு 4 மில்லிமீட்டர், சிலவற்றுக்கு 5.5, சிலவற்றுக்கு இடைவெளியே இல்லை. பலகை வளையும்போது அந்த இடைவெளி குறுகுகிறது. தவறாக அமைத்தால், பள்ளமொன்றில் பலகை வளையும் நேரத்தில் குதிகால் பின்துண்டில் முட்டி, விடுவிக்கும் விசையே மாறிவிடும். ஆகவே சப்பாத்தைக் கையோடு கொண்டுபோங்கள். எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நீளத்தை முன்பின் நகர்த்தும் தட்டு உள்ள பைண்டிங் என்றால், நாளை சப்பாத்து மாறினாலும் புதுத் துளை போட வேண்டியிருக்காது. பழைய துளைக்கு மிக அருகில் புதுத் துளை போட்டால் இடையில் உள்ள மரம் தாங்காது.

இன்னொன்று, இறங்கும்போது பைண்டிங்கின் முன்பக்க நெம்பை நடைநிலைக்கு இழுத்துப் பூட்டிவிட்டுச் சறுக்காதீர்கள். சிலர் பயத்தில் அப்படிச் செய்கிறார்கள். பூட்டினால் விழும்போது பலகை கழலாது. பனிச்சரிவில் அகப்பட்டால் அந்தப் பலகையே ஆளைக் கீழே இழுக்கும்.


லண்ட்வாசர் எழுதியது:

85 எல்லோருக்கும் பொருந்தும் என்ற முடிவோடு இந்தத் திரி முடிந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். நான் தாவோஸ் பக்கம் இருக்கிறேன். என் எடை 54 கிலோ. இங்கே வடக்கு நோக்கிய சரிவுகளில் சனவரி முழுவதும் பொடிப் பனி கலையாமல் கிடக்கும். உயர்ந்த பனியாற்றுப் பாதைகளுக்கு நான் அரிதாகவே போகிறேன். எனவே என் பலகை 94 மில்லிமீட்டர். நீளம் 164 என்பதால் எடை 1.2 கிலோவைத் தாண்டவில்லை. கடைகளில் அட்டவணையில் காட்டப்படும் எடை ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு உரியது என்பதையும், ஒரே சோடியின் இரு பலகைகளுக்குள்ளேயே சில பத்து கிராம் வேறுபாடு வரலாம் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. சின்னத் தராசு ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எடை குறைந்தவர்களுக்கு விறைப்பு இன்னும் பெரிய கேள்வி. 80 கிலோ ஆளுக்கு இசைந்து வளையும் பலகை என் காலடியில் கட்டையாக நிற்கும்; நடுப்பகுதி பனியில் முழுதாகப் படியாததால் ஏறும்போது தோலும் சரியாகப் பிடிக்காது. பேர்ன்வாசிக்கு 68 கிலோ என்பதால், நீங்கள் குறிப்பிட்டவற்றில் மிகவும் விறைப்பானதைத் தவிர்ப்பது நல்லது என்பேன்.

மேற்பரப்பின் நிறத்தையும் பாருங்கள். கறுப்புப் பலகை வெயிலில் சூடேறி, அதன்மேல் விழும் பனியை உருக்கி, நிழலுக்குள் நுழைந்ததும் அதைப் பனிக்கட்டியாக உறையவைக்கும். காலுக்கு முன்னே ஒரு சிறு குன்றைச் சுமந்துகொண்டு நடப்பீர்கள்; கார்பனுக்குக் கொடுத்த காசு அத்தனையும் அங்கே வீண். மேற்பரப்பு வெளிர் நிறமாகவும் வழவழப்பாகவும் இருந்தால் கைத்தடியால் ஒரு தட்டுத் தட்ட விழுந்துவிடும்.

உங்கள் பயணங்களில் பாதிக்கு மேல் டீம்டிக்டாலின் பொடிப் பனி என்றால் 90 மில்லிமீட்டர் வரை போகலாம். ஹோட் ரூட் ஒரு வாரம். பனிக்காலம் ஐந்து மாதம்.


பேர்ன்வாசி எழுதியது:

நால்வருக்கும் மிக்க நன்றி. பந்தயப் பலகையை விட்டுவிட்டேன். நண்பரின் சப்பாத்தையும் விசாரித்தேன். நான்கு கொக்கி கொண்ட, 1.6 கிலோவுக்கு மேற்பட்ட வகைதான். இப்போது 85க்கும் 88க்கும் இடையே இரண்டு பலகைகள் மிஞ்சியுள்ளன. வரும் வாரம் சப்பாத்தோடு போய், தராசில் நிறுத்து, வளைத்தும் பார்த்து முடிவெடுப்பேன். தாவோஸ் அக்கா சொன்ன விறைப்பைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

கடைசியாக ஒன்று: தோலைப் பலகையோடு சேர்த்து வெட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். மொஹேர் எனப்படும் ஆட்டு மயிரா, நைலானா, இரண்டும் கலந்ததா? உறைந்த சரிவில் பிடிப்பதற்காக மாட்டும், ஹார்ஷ்ஐசன் எனப்படும் பல்லிரும்பும் இப்போதே வாங்க வேண்டுமா?


அரோலா எழுதியது:

தம்பி, கலவையை எடுங்கள். 70 பங்கு மொஹேரும் 30 பங்கு நைலானும் கொண்டது பரவலாகக் கிடைக்கிறது. முழு மொஹேர் நன்றாக வழுக்கும், எடையும் குறைவு. ஆனால் சீக்கிரம் தேயும், செங்குத்தான உறைந்த தடத்தில் பிடி குறையும். முழு நைலான் பிடிக்கும், ஆனால் தட்டையான பனியாற்றில் ஒவ்வோர் அடியும் இழுவையாக இருக்கும். ஹோட் ரூட்டில் அத்தகைய நீண்ட தட்டைகள் நிறையவே உண்டு.

வெட்டும்போது இரு பக்கமும் உலோக விளிம்பு முழுதாக வெளியே தெரிய வேண்டும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் போதும். கடையில் அவசரத்தில் விளிம்போடு ஒட்ட வெட்டிவிடுவார்கள். அப்படி வெட்டினால், உறைந்த குறுக்குச் சரிவில் பனியைத் தொடுவது இரும்பல்ல, மயிர்தான். காலடியின் நடுப்பகுதியில் மட்டும் இன்னும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விடச் சொல்லுங்கள்.

பல்லிரும்பைப் பைண்டிங்கோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். அது பைண்டிங்கின் பிடிமானத்துக்கும் பலகையின் அகலத்துக்கும் பொருந்த வேண்டும். பிறகு தனியாகத் தேடினால் உங்கள் அளவு தீர்ந்துபோயிருக்கும். 85 அல்லது 88 மில்லிமீட்டர் பலகைக்கு 90 மில்லிமீட்டரை ஒட்டிய அகலம் சரியாக இருக்கும். அதற்கு மேல் அகலமானதை வாங்கினால் பற்கள் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பக்கவாட்டு அழுத்தத்தில் வளையும். ஏப்ரலுக்கு முன்பு வீட்டில் ஒருமுறை கையுறை போட்டுக்கொண்டே மாட்டிக் கழற்றிப் பழகிவிடுங்கள். சரிவு உறைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு நின்று மாட்டுவதைவிட, அதற்கு முந்திய தட்டையிலேயே மாட்டிக்கொள்வது நல்லது.